பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய முன்சீப்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

சிரம்பானிலிருந்து அம்பாங்கான் வழியாகக் கோலாப் பிலா பக்கம் போகிறவர்கள் சாலையோர மின்கம்பங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கடன் விளம்பரங்கள் ஒட்டியிருக்கும். ஒரு கைப்பேசி எண், அதன் கீழே ஒரே நாளில் பணம், ஜாமீன் தேவையில்லை என்று இரண்டு வரி. நகராண்மைக் கழகம் கிழித்துப் போட்டால் மறுவாரமே புதிதாக முளைத்துவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்திலிருந்து தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்ட நம்மவர்களுக்கு அந்த எண்கள் புதிதல்ல. வீட்டுத் தவணை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், திடீரென்று ஒரு மருத்துவச் செலவு என்று எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நின்றால் நல்ல மனிதனுக்கும் கை தானாக அந்த எண்ணைத் தேடும். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்களின் பேச்சும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா? வேலை சீக்கிரம் முடிய காப்பிக் காசு கொடுத்தால் அது பாவமா, இல்லை நடைமுறையா? நமக்கே கடன் இருக்கும்போது காணிக்கைத் தட்டில் எவ்வளவு போடுவது? பசி என்று ஒருவன் வந்தால் என்ன செய்வது?

ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விகளை நீதிமன்றத்திலும் வீட்டிலும் சந்தித்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவரின் வாழ்க்கையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த நாங்கள் அவரை ஒரே வரியில் கடந்து போனோம். தமிழின் முதல் நாவலை எழுதியவர், ஆண்டு 1879. தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் தம் பணத்தை என்ன செய்தார் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். நம் ஊர் லுத்தரன், மெதடிஸ்டு சபைகளில் பாடப்படும் பழைய கீர்த்தனைகள் பலவற்றை எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அவர் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர், புராட்டஸ்டண்டு. நாம் பேசப்போகும் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை அவருக்கு அரை நூற்றாண்டு இளையவர், கத்தோலிக்கர். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவர் செய்ததை மற்றவர் கணக்கில் எழுதிவிடுவது இன்றும் நடக்கிறது. சினிமாவில் இசையமைப்பாளராகவும் நடிகராகவும் நமக்குத் தெரிந்த விஜய் ஆண்டனி இந்த இரண்டாமவரின் மரபில் வந்தவர் என்றால் இளையவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரியம்மாள். ஊரில் தொடக்கக் கல்வி முடிந்ததும் திருச்சியில் தியாகராய பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அந்த ஆசிரியர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆங்கிலம் தெரிந்த தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தக் காலத்தில் அது பெரிய வாசல். 1848-இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

முதல் அடி அங்கேதான் விழுந்தது. அவர் மொழிபெயர்த்து அனுப்பிய வழக்கு ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. வேலையையே செய்யவில்லை என்று பழி அவர் மேல் விழுந்து பதவியும் போயிற்று என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னர் உண்மை வெளிப்பட்டது, வேலையும் திரும்பியது. செய்யாத தவறுக்குச் சம்பளம் நின்றுபோன வீடு எப்படியிருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிராணியின் ஏட்டில் பெயர் விடுபட்டதற்காக அரைச் சம்பளத்தோடு வீடு திரும்பிய கதை நம் பாட்டிமார் எல்லாரிடமும் ஒன்றாவது உண்டு.

1857-இல் அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். முன்சீப் என்பது கீழமை உரிமையியல் நீதிபதிப் பதவி. கொலை, கொள்ளை போன்ற பெரிய வழக்குகள் அங்கே வராது. வருவதெல்லாம் கடன் பத்திரம், அடமானம், வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, குத்தகை பாக்கி. சுருக்கமாகச் சொன்னால் பணத்தால் உறவு முறிந்த மனிதர்கள் வந்து நிற்கும் இடம் அது. தரங்கம்பாடிக்குப் பிறகு சீர்காழி, அதன் பிறகு மாயூரம். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் இருந்தார். ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

தரங்கம்பாடி ஒரு காலத்தில் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த துறைமுகம். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் அங்கேதான். புராட்டஸ்டண்டு மண்ணில் ஒரு கத்தோலிக்கர் நீதிபதியாகப் போய் உட்கார்ந்தார். வழக்காடிகளில் பெரும்பாலோர் இந்துக்கள், கரையோரத்தில் முஸ்லிம்கள். அவருடைய பிற்காலப் பாடல்களில் எல்லாச் சமயத்தாரும் பாடக்கூடிய ஒரே கடவுளைத் தேடும் போக்கு இருக்கிறது. அதற்கான விதை இந்த நாற்காலியில்தான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கைக்கூலி என்ற அதிகாரம்

லஞ்சத்துக்கு அன்றைய தமிழ்ச் சொல் கைக்கூலி, பரிதானம். நீதிமன்றத்தில் அது யாரும் மறைக்காத வழக்கமாக இருந்தது. வழக்குக் கட்டை மேலே வைக்க ஒரு காசு, அழைப்பாணையைத் தாமதிக்க ஒரு காசு, தீர்ப்பைச் சாய்க்க மூட்டை மூட்டையாக. நெல்லும் நெய்யும் பழத்தட்டும் மரியாதை என்ற பெயரில் நீதிபதி வீட்டுத் திண்ணைக்கு வரும். மறுத்தால் மரியாதை தெரியாதவர் என்பார்கள். வாங்கினால் அடுத்த நாள் அதே ஆள் வாதியாக நிற்பான்.

வேதநாயகம் பிள்ளை வாங்கவில்லை. வாங்காமல் இருந்ததோடு நிற்கவும் இல்லை, அதைப் பாட்டாக எழுதி ஊரெல்லாம் பாடவைத்தார். 1859-இல் வெளிவந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலிக்கென்றே தனி அதிகாரம் உண்டு. களவு, சூது, மது, சோம்பல், பொருளாசை, ஈகை என்று வரிசையாகப் பேசும் அந்த நூல் திருக்குறளின் வழியில் நடப்பது. ஆனால் உதாரணங்கள் அவர் கண்ட கச்சேரியிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தவை. பின்னாளில் எழுதிய கீர்த்தனைகளில் லஞ்சம் வாங்கும் அதிகாரியை நேராகவே கேலி செய்தார். தாம் உட்கார்ந்திருந்த துறையின் அழுக்கைத் தாமே வெளியில் சொன்ன அரசாங்க ஊழியர் இன்றும் அபூர்வம்தான்.

இங்கே அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீதிநூல் தெய்வம் உண்டு என்பதில் தொடங்குகிறது. வாங்கும் கையை ஊர் பார்க்காவிட்டாலும் ஒருவன் பார்க்கிறான் என்பதுதான் அவருடைய அறத்தின் அடித்தளம். அவர் வேதப் பிரசங்கம் செய்தவர் அல்லர். யேசுவின் பெயரைச் சொல்லி யாரையும் மிரட்டவில்லை. தம்மிடம் வழக்குக்கு வந்தவனை ஏமாற்றாமல் அனுப்புவதையே வழிபாட்டின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டார். நற்செய்தியில் வரும் சக்கேயு வரி வசூலிப்பவன். ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்த நாளில் அவன் ஜெபம் சொல்வதற்கு முன்பு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகத்தான் வாக்குக் கொடுத்தான். மறையுரையில் அந்தக் கதையை நாம் வருடம் தவறாமல் கேட்கிறோம். காப்பிக் காசு விஷயத்தோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது குறைவு.

அவர் செய்த இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. உயர் நீதிமன்றம் வருவதற்கு முன்பு சென்னையில் இருந்த சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் கிடந்தன. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் மொழிபெயர்த்து 1862-இலும் 1863-இலும் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். சட்டம் புரியாததால்தான் ஏழை தன் நிலத்தை இழக்கிறான் என்பதை அவர் நாள்தோறும் நேரில் கண்டார். புரியாத மொழியில் வாதாடி, புரியாத மொழியில் தோற்று, ஏன் தோற்றோம் என்று தெரியாமலே வீடு திரும்பும் குடியானவனுக்காகச் செய்த வேலை அது. நீதிமன்றம் தமிழில் நடக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பிரதாப முதலியார் சரித்திரத்திலும் நுழைத்தார். கதை நடுவே வழக்கறிஞர்களை அவர் வறுத்தெடுக்கும் பகுதி சிரிப்பும் வரவழைக்கும், வயிற்றையும் கலக்கும்.

நம் கதையும் அதுதானே. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். படித்துவிட்ட பிறகும், வங்கிப் பத்திரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் மட்டும் கையெழுத்திட்டுவிட்டு வருகிறோம். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று மலேசியச் சட்டம் சொல்கிறது. அடமானம் இருந்தால் 12. மின்கம்பத்து எண்ணில் கடன் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்திருந்தால் குறைந்தபட்சம் எதிரே இருப்பவன் வட்டிக் கடைக்காரனா, வட்டி முதலையா என்றாவது பிரித்துப் பார்த்திருப்பார்கள்.

1872-இல் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். உடல்நலக் குறைவும், மேலே இருந்த ஆங்கிலேய நீதிபதியோடு ஏற்பட்ட பிணக்கும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. வயது 46. வீட்டிலும் துக்கங்கள் குறைவில்லை. மனைவியை இழந்து மறுமணம் செய்து மீண்டும் இழந்தவர் அவர். ஓய்வூதியம், சேர்த்து வைத்தது, எழுத்து, நண்பர்கள் என்று மீதிக் காலத்தை மாயூரத்தில் அமைதியாகக் கழித்திருக்கலாம்.

நண்பர்களைச் சொல்லாமல் போக முடியாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கியவர். இவர் மேல் குளத்துக் கோவை என்றொரு நூலே பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதே ஊர்க்காரர். திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மேல் இந்தக் கத்தோலிக்கர் பாடல்கள் எழுதியிருக்கிறார். சைவ மடத்துக்குக் கிறிஸ்தவ முன்சீப் போய் வருவதை அங்கே யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. உ.வே.சாமிநாதையர் இளைஞராக மாயூரத்தில் தமிழ் படித்தபோது பார்த்த உலகம் இது. தம் வாழ்க்கை வரலாற்றில் வேதநாயகம் பிள்ளையை மரியாதையோடு குறிப்பிடுகிறார். இத்தனை பெரிய புலவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடனோடுதான் 1876 பிப்ரவரியில் கண்மூடினார். கடன் அறிவில்லாதவனுக்கு மட்டும் வருவது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தாது வருடம்

அதே 1876-இல் மழை பொய்த்தது. தமிழ் ஆண்டு தாது. தாது வருடப் பஞ்சம் என்று கிழவிகள் கதையிலும் கும்மிப் பாட்டிலும் நின்றுவிட்ட பஞ்சம் அதுதான். 1878 வரை நீண்டது. சேலம், கோயம்புத்தூர், பல்லாரி, கர்நூல் என்று சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்கள் வெந்தன. மாகாணமெங்கும் லட்சக்கணக்கானோர் பட்டினியாலும் பின்னால் வந்த காலராவாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். காவிரிப் பாசனம் இருந்த தஞ்சைப் பகுதி மற்ற இடங்களைவிடப் பரவாயில்லை. அதனாலேயே பசித்தவர்கள் அந்தப் பக்கம் நடந்தார்கள். நெல் இருக்கும் ஊரில் நெல் விலை ஏறியது. பதுக்கியவர்கள் பணக்காரர் ஆனார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தானிய வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்பது வைசிராய் லிட்டனின் கொள்கை. நாட்டில் மக்கள் சாகும்போதே துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கல் உடைக்கும் ஆளுக்கு அது போதாது என்று மருத்துவ அதிகாரிகளே எதிர்த்தார்கள். அந்தக் கூலி வரலாற்றில் டெம்பிள் கூலி என்றே பெயர் வாங்கியது.

இந்த நேரத்தில் மாயூரத்தில் ஓய்வு பெற்ற ஒரு முன்சீப் தம் கையிருப்பை எடுத்துக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார். பதவி இல்லை, மாதம் வருவது ஓய்வூதியம் மட்டும். குடும்பம் உண்டு. பஞ்சம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் முடியலாம், மூன்று வருடம் இழுக்கலாம். நம்மைப் போன்றவர்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒரு வாரக் கஞ்சி ஊற்றி, படமும் எடுத்து, மனநிறைவோடு நிறுத்தியிருப்போம். அவர் தம் பொருளைத் தொடர்ந்து கொடுத்தார். அடுத்து, வைத்திருந்தவர்களிடம் போய்க் கேட்டார். கேட்பதுதான் கடினம் என்பது என் எண்ணம். நீதிபதியாக உயர்ந்த நாற்காலியில் இருந்தவர், பிறருக்காகப் பணக்காரர் வாசலில் நின்று கையேந்தினார். பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லி, மழை வேண்டி, பதுக்கியவர்களைச் சாடிக் கீர்த்தனைகளும் எழுதினார். 1878-இல் வந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பார்த்தால், கச்சேரியில் பாடும் ராக தாளத்தோடு பசிக்கும் வயிற்றின் குரலும் அதில் இருக்கிறது. தமிழில் இப்படிப்பட்ட பொருளில் கீர்த்தனை பாடியவர்கள் அவருக்கு முன்பு அதிகமில்லை.

கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கஞ்சி ஊற்றலை நேரில் பார்த்தார். மனம் உருகி இவரை மேரு மலைக்கு நிகராக வைத்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவனையும் நந்தனையும் பாடிய வாய் ஒரு கிறிஸ்தவ மனிதரைப் பாடியது. பாரதியார் செல்வர்களைப் பாடிப் பரிசு வாங்கும் வழக்கம் உள்ளவர் அல்லர் என்பதால் அந்தப் பாட்டுக்கு மதிப்பு அதிகம்.

நமக்குக் கடன் இருக்கும்போது கொடுக்கலாமா என்ற வாசல் கேள்விக்கு அவர் வாழ்க்கையில் நேரான பதில் கிடைக்குமா? முழுதாகக் கிடைக்காது. அவர் கடன்காரராக இருந்து கொடுக்கவில்லை, தம்முடையதைக் கொடுத்தார். அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அட்டையில் கடன் எடுத்துத் திருவிழாவுக்கு அன்னதானம் செய்கிற பெருமை வேறு, இது வேறு. கடன் வாங்கித் தானம் செய்வது, கடன் கொடுத்தவன் பணத்தில் நாம் புண்ணியம் தேடுவது. ஆனால் உபரி வந்த பிறகு கொடுப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. ஆலயத்தில் இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணின் கதையில் ஆண்டவர் தொகையைப் பார்க்கவில்லை. அவள் கையில் மீதி எவ்வளவு இருந்தது என்பதைத்தான் பார்த்தார்.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஆங்கிலேய ஆட்சியை அவர் எதிர்த்தவர் அல்லர். அந்த ஆட்சியின் சம்பளத்தில் வாழ்ந்தவர், அதன் ஓய்வூதியத்தில் கஞ்சி காய்ச்சியவர். தானியத்தைக் கப்பலேற்றிய அரசாங்கமும் அதுவே. பஞ்சம் ஏன் வந்தது என்று கேட்கும்போது அவர் கண் வானத்தையும் வியாபாரியையும் பார்த்த அளவுக்கு ஆட்சியைப் பார்க்கவில்லை. இது குறைதான். தனிமனிதரின் கஞ்சி ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும், ஏற்பாட்டை மாற்றாது. நம் நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினாரே, அது இன்னொரு வழி. இரண்டில் எது பெரியது என்று சண்டை போடலாம். பசித்தவன் வாசலில் நிற்கும் அன்றைக்கு முதல் வழிதான் கைக்கு எட்டும்.

அந்தப் பஞ்சத்துக்கும் அம்பாங்கானுக்கும் தொடர்பு உண்டு. மாயூரத்திலிருந்து நாகப்பட்டினம் தூரமில்லை. நாகையிலிருந்து பினாங்குக்குக் கப்பல். 1870-களில் புரொவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஏற்றிச் சென்றது அந்தத் துறைமுகம்தான். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் சேர்ந்து தள்ளின. கப்பல் கூலியும் முன்பணமும் ஏறியவுடனே கடனாக எழுதப்பட்டன. சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். நெகிரி செம்பிலானில் பால்மரம் பரவி நம் முன்னோர் பெருவாரியாக இங்கே வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்காணி காலத்தில். வழி அதே வழி. ஊரிலிருந்து கடனோடு கிளம்பி, இங்கே கடைக்காரன் துண்டுக் கணக்கில் கடன்பட்டு, சம்பளத்தன்று மாலை கள்ளுக்கடையில் மீதியைத் தொலைத்த கதையை லயத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். நீதிநூலில் மதுவுக்கும் சூதுக்கும் அதிகாரம் எழுதியவர் நம் தோட்டங்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் பெரிதாக மாற்றி எழுதியிருக்க மாட்டார்.

பஞ்சம் அடங்கிய மறுவருடம், 1879-இல், பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாகி வந்தது. தமிழில் உரைநடையில் நீண்ட கதை சொல்ல முடியும் என்று காட்டிய முதல் நூல். அதில் பிரதாபனைவிட ஞானாம்பாள்தான் கெட்டிக்காரி. ஆண் வேடத்தில் ஒரு நாட்டுக்கே அரசாளும் நிலை அவளுக்கு வருகிறது; லஞ்சத்தை ஒழித்து நல்லாட்சி தருகிறாள். கச்சேரியில் தம்மால் முடியாததை எல்லாம் ஞானாம்பாள் கையால் செய்துகொண்டார் என்று படிக்கும்போது தோன்றும். பெண்கள் படிக்க வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியானவர். பெண்மதி மாலை எழுதினார், மாயூரத்தில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். வீட்டுப் பணத்தைக் கையாளுவது பெண். அவள் எழுத்தறியாமல் இருந்தால் குடும்பம் யார் சொன்ன கணக்கையும் நம்ப வேண்டியதுதான் என்று நம் அம்மாக்கள் அனுபவத்தில் கண்டதை அவர் அப்போதே எழுதினார் என்றுதான் நான் அந்த நூல்களைப் படிக்கிறேன்.

மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1887-இல் சுகுண சுந்தரி என்ற இரண்டாவது நாவல் வந்தது. முதல் நாவல் அளவுக்கு இல்லை. தேவமாதா அந்தாதி, தேவ தோத்திர மாலை, திருவருள் மாலை என்று பக்தி நூல்களும் எழுதினார். நீதியும் நையாண்டியுமாக எழுதிய கை மாதாவின் முன்னால் குழந்தையாகி விடுவதை அவற்றில் பார்க்கலாம். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் காலமானார். வயது 62.

நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, சேர்த்து வைத்த பணத்தில் வாழ்நாளில் ஒரு முறையாவது வேளாங்கண்ணி போய் வருகின்றன. சென்னையில் இறங்கி ரயிலில் போனால் வழியில் மயிலாடுதுறை சந்திப்பு வரும். பழைய மாயூரம் அதுதான். இப்போது தனி மாவட்டத்தின் தலைநகரம். புதுச்சேரி வழியாகக் கடலோரச் சாலையில் வேன் பிடித்துப் போகிறவர்கள் முதலில் சீர்காழியையும் பிறகு தரங்கம்பாடியையும் கடப்பார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. வேன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அரை மணி நேரம் நிறுத்துவார்.